பேர்ல் பக் அம்மையார்: மறைத்து வைத்த மகளும் மறையாத பாசமும்

 

பரிசளிப்பு விழா வந்தால் பள்ளியே களைகட்டிவிடும். பெயர் கூப்பிட்டதும் பிள்ளை மேடையேறும். பெற்றவர்கள் கீழே உட்கார்ந்து கை வலிக்கத் தட்டுவார்கள். அந்தக் கூட்டத்திலே, வீட்டில் இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய் ஒருத்தியும் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதாகியும் பேச்சு சரியாக வராது, எழுத்து ஏறாது. அழைத்து வந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, ஏதாவது சொல்லிவிடுவார்களே என்று பாட்டியிடம் விட்டு வந்திருப்பாள். கை தட்டுவாள், மனம் மட்டும் வீட்டில் இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு தாயின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் படிப்பறியாதவர் அல்லர். பெயர் தெரியாதவரும் அல்லர். இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவர். பெயர் பேர்ல் பக். உலகமே அவரை அறிந்திருந்தது. ஆனால், அவருக்கு அறிவு வளர்ச்சி குன்றிய மகள் ஒருத்தி இருந்ததை உலகம் பல்லாண்டுக் காலம் அறியவில்லை.

சீன மண்ணில் வளர்ந்த சிறுமி

பேர்ல் அம்மையார் 1892-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹில்ஸ்பரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஆப்சலம் சைடன்ஸ்ட்ரிக்கர்; தாயார் கரோலின். இருவரும் சீன நாட்டில் கிறிஸ்துவ சமயப் பணி செய்தவர்கள். விடுப்பில் ஊருக்கு வந்திருந்த சமயத்தில் பிறந்த இக்குழந்தையைச் சில மாதங்களிலேயே தூக்கிக்கொண்டு மறுபடியும் சீனாவுக்குக் கப்பலேறினார்கள்.

யாங்சே ஆற்றங்கரையில் உள்ள சென்ஜியாங் நகரில் பேர்ல் வளர்ந்தார். வீட்டிலே ஆங்கிலம், வெளியிலே சீனம். சீன ஆயா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தார். சீன ஆசிரியர் ஒருவரிடம் பாடமும் படித்தார். குடியானவர்கள் வீட்டுச் சமையல் வாசனையும், அவர்களுடைய சண்டை சச்சரவும், அறுவடைக் காலத்து மகிழ்ச்சியும், பஞ்சகாலத்து அழுகையும் அவருக்குச் சொந்த ஊர்ச் சங்கதிகளாகவே இருந்தன.

அந்த வீட்டிலும் துயரம் இல்லாமல் இல்லை. கரோலின் அம்மையார் பெற்ற பிள்ளைகள் 7 பேர். வளர்ந்து ஆளானவர்கள் 3 பேர் மட்டுமே. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பேர்ல் சிறு வயதிலேயே பார்த்துவிட்டார்.

1910-இல் அமெரிக்கா சென்று, வர்ஜீனியாவில் உள்ள பெண்கள் கல்லூரி ஒன்றில் படித்து 1914-இல் பட்டம் பெற்றார். தாயார் நோயுற்றதால் சீனாவுக்குத் திரும்பினார். 1917-இல் ஜான் லாசிங் பக் என்னும் வேளாண்மை நிபுணரை மணந்துகொண்டார். கணவருடன் ஆன்ஹுய் மாநிலத்தின் வறண்ட கிராமப்புறத்தில் வாழ்ந்தார். பின்னாளில் அவர் கதைகளில் உயிரோடு நடமாடிய ஏழைக் குடியானவர்களை அங்கேதான் நெருங்கிப் பழகி அறிந்தார்.

கரோல் பிறந்தாள்

1920-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பேர்ல் அம்மையாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாட்டியின் பெயரையொட்டிக் கரோல் என்று பெயரிட்டனர். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும் வெள்ளைவெளேரென்ற குழந்தை. பிரசவத்தை ஒட்டி அம்மையாரின் கருப்பையில் கட்டி இருப்பது தெரிய வந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இனிமேல் பிள்ளை பிறக்க வழியில்லை என்றாகிவிட்டது. ஆகவே கரோல்தான் அவர் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளை.

குடும்பம் நான்கிங் நகரில் குடியேறியது. அம்மையார் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். குழந்தை வளர்ந்தாள், உடம்பு வளர்ந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. சொன்னால் புரிந்துகொள்வதாகத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் ஓடியாடிக் கேள்வி கேட்கும் வயதில் இவள் தன் பாட்டுக்கு இருந்தாள்.

இப்படிப்பட்ட நேரத்தில் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், போகப் போகச் சரியாயிடும் என்போம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். தாய்க்கும் அதை நம்ப ஆசை. மூன்று வயதானது; நான்கு வயதானது. பெற்ற மனம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சீன அண்டை அயலார் கரோலை ஒதுக்கவில்லை. குருடு, முடம் போல இதுவும் மனிதருக்கு வருவதுதான் என்று இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். மாறாக, ஷங்ஹாய் நகர வீதியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, தம் சொந்த நாட்டுப் பெண்கள் இருவர் குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு இளக்காரமாகப் பேசிச் சென்றதை அம்மையார் கேட்டார். அன்றிலிருந்து மகளைப் பிறர் கண்ணில் படாமல் காக்கத் தொடங்கினார். மறைப்பு தொடங்கியது வெறுப்பினால் அன்று, பயத்தினால்.

உண்மை சொன்ன மருத்துவர்

1924-இல் குடும்பம் விடுப்பில் அமெரிக்கா சென்றது. அம்மையார் மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் மருத்துவராக அலைந்தார். கடைசியில் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள புகழ்பெற்ற மேயோ மருத்துவமனைக்குச் சென்றார். எல்லாச் சோதனைகளும் நடந்தன. இருதயம் நன்றாக இருக்கிறது, உடம்பில் கோளாறு இல்லை, காரணம் தெரியவில்லை, நம்பிக்கையை விடவேண்டாம் என்று பெரிய மருத்துவர் அன்போடு சொல்லி அனுப்பினார்.

வெளியே வரும் வழியில் வேறொரு மருத்துவர் அவரைத் தனியே நிறுத்தினார். அவர் இனிப்பாகப் பேசவில்லை. இந்தப் பிள்ளை ஒருநாளும் மற்றவர்களைப் போல ஆகாது. வீண் நம்பிக்கையில் உங்கள் வாழ்நாளையும் பணத்தையும் அழித்துக்கொள்ளாதீர்கள். அவள் சந்தோஷமாக வாழ ஓர் இடம் தேடுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்தச் சொல் கத்தியாகக் குத்தியது. ஆனாலும், பொய்யான ஆறுதலைக் காட்டிலும் அந்த உண்மையே தமக்கு உதவியது என்று அம்மையார் வாழ்நாள் முழுதும் அந்த மருத்துவரை நன்றியோடு நினைத்தார்.

இக்காலத்தில் அவர் இரண்டு காரியங்கள் செய்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்குப் படித்தார். கையில் காசில்லாத நிலையில், அங்கே நடந்த கட்டுரைப் போட்டியில் எழுதிப் பரிசுப் பணமும் வாங்கினார். மாணவர்களே, பரிசு என்பது அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டுமன்று. ஒரு தாய்க்கு அது வீட்டுச் செலவுக்கும் கைகொடுத்தது! இரண்டாவதாக, ஜேனிஸ் என்னும் கைக்குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டார். கரோலுக்கு ஒரு தங்கை கிடைத்தாள்.

வியர்த்துப்போன பிஞ்சுக் கை

நான்கிங் திரும்பிய பிறகும் தாய் மனம் அடங்கவில்லை. நாமே முயன்று பார்ப்போம் என்று தினமும் மகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். நிறம் எது, எழுத்து எது என்று பொறுமையாகப் பழக்கினார். சில சமயம் கண்டிப்பும் காட்டினார்.

ஒரு நாள் எழுதப் பழக்குவதற்காக மகளின் கையைப் பிடித்தார். பிஞ்சுக் கை வியர்வையில் நனைந்திருந்தது. மறு கையைத் தொட்டார், அதுவும் அப்படியே. அப்போதுதான் அம்மையாருக்கு விளங்கியது. பிள்ளைக்கு இந்த எழுத்து ஒன்றுமே புரியவில்லை. புரியாத ஒன்றை அம்மாவுக்காக, அம்மா முகம் கோணக்கூடாதே என்பதற்காக, உடம்பெல்லாம் வேர்க்க வேர்க்க முயன்றுகொண்டிருக்கிறாள்! அம்மையார் புத்தகங்களை மூடி ஒதுக்கி வைத்தார். தம் ஆசைக்காகப் பிள்ளையை வதைக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு முடிந்ததைக் கற்றுக்கொடுப்பது வேறு. முடியாததைக் கேட்டு அடிப்பது வேறு. இந்த வேறுபாட்டை அந்த ஈரமான சிறு கை ஒரு பேராசிரியைக்குப் போதித்தது.

1927 மார்ச்சில் நான்கிங் நகரில் கலவரம் மூண்டது. வெளிநாட்டவரைத் தேடித் தேடித் தாக்கினார்கள். பக் குடும்பத்தாரை ஓர் ஏழைச் சீனப் பெண் தன் குடிசைக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். பின்னர்ப் போர்க்கப்பலில் ஏறித் தப்பி, ஜப்பானில் சில காலம் தங்கினார்கள். வீடும் பொருளும் போயின. தமக்கு ஏதாவது ஆகிவிட்டால் கரோலை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி அதன்பின் அம்மையாரைத் தூங்கவிடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரும் நள்ளிரவில் கேட்டுக்கொள்ளும் கேள்வியன்றோ இது!

1929-இல், கரோலுக்கு 9 வயதானபோது, அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியில் அவளைச் சேர்த்தார். அந்நாளில் இத்தகைய பிள்ளைகளுக்கென இருந்த இல்லங்கள் பலவற்றைப் போய்ப் பார்த்து, சிலவற்றில் பிள்ளைகள் ஆடுமாடுகள்போல் அடைபட்டிருந்ததைக் கண்டு மனம் வெதும்பி, கடைசியில் இதைத் தேர்ந்தெடுத்தார். பிள்ளை முதலில் சந்தோஷமாக இருக்கவேண்டும், மற்றவை தானாக வரும் என்பது அப்பள்ளியின் கொள்கை. சேர்க்கும் பணத்தைக் கடனாகப் பெற்றார். மகளை விட்டுவிட்டு அம்மையார் ஒற்றை ஆளாகத் திரும்பினார். கரோல் இல்லாத வீட்டின் அமைதி அவரை வாட்டியது. அந்த அமைதியில்தான் எழுத உட்கார்ந்தார்.

பேனா பிடித்த தாய்

நான்கிங் வீட்டின் மாடியறையில் சில மாதங்களில் ஒரு நாவலை எழுதி முடித்தார். நல்ல மண் என்று பொருள்படும் தி குட் எர்த் என்னும் அந்நூல் 1931-இல் வெளிவந்தது. வாங் லுங் என்னும் ஏழைக் குடியானவன், அவன் மனைவி ஓ-லான், அவர்கள் உயிராய் நேசித்த நிலம், இதுதான் கதை. அமெரிக்காவில் அது 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மிக அதிகமாக விற்பனையான நாவலாகத் திகழ்ந்தது. 1932-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1937-இல் திரைப்படமாகவும் வந்தது. 1938-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்த நாவலைப் படித்தவர்கள் ஒரு பாத்திரத்தை மறக்கமாட்டார்கள். வாங் லுங்கின் மூத்த மகள். அவளுக்குப் பேச்சு வராது, புத்தி வளராது. கதை முழுவதும் அவளுக்குப் பெயரே கிடையாது. வெயிலில் உட்கார்ந்து துணித்துண்டு ஒன்றைத் திருகிக்கொண்டு சிரித்தபடி இருப்பாள். எத்தனை பணம் வந்தாலும், எத்தனை சண்டை வந்தாலும், அந்தக் குடியானவன் அவளை மட்டும் கைவிடமாட்டான். தான் செத்த பிறகு இவள் கதி என்ன என்று கலங்குவான். இந்தப் பெண்ணை ஆசிரியர் எங்கிருந்து கண்டெடுத்தார் என்று படித்த இலட்சக்கணக்கானோருக்குத் தெரியாது. தாய்க்குத் தெரியும்.

புத்தகத்தால் வந்த வருமானம் கரோலின் எதிர்காலத்துக்கு அரணாயிற்று. பள்ளிக்குத் தாராளமாக நன்கொடை கொடுத்தார். கரோல் தன் தோழிகளுடன் வசிக்க அங்கே ஒரு தனி வீடும் எழுந்தது. கரோலுக்கு இசை என்றால் உயிர். இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகக் கேட்பாள்.

ஆனால் பேட்டி எடுத்தவர்களிடமும், வாழ்க்கைக் குறிப்பு கேட்டவர்களிடமும் கரோலைப் பற்றி அம்மையார் வாய் திறக்கவில்லை. வைன்லண்டுக்குப் போய் மகளைப் பார்ப்பார், வெளியில் சொல்லமாட்டார். கலவரத்துக்கு நடுவே வாழ்ந்த துணிச்சல்காரி, கறுப்பினத்தவரின் உரிமைக்காகவும் பெண்களின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசமுடியாமல் தவித்தார். ஏனென்றால் அவர் மனத்தில் ஒரு கேள்வி முள்ளாய்த் தைத்திருந்தது. என் பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தாள்? நான் என்ன தவறு செய்தேன்?

காரணம் கண்ட கதை

அந்தக் கேள்விக்கு விடை, அவருக்கே தெரியாமல், தூரத்து நார்வே நாட்டில் கிடைத்துவிட்டிருந்தது. அங்கேயும் ஒரு தாய். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்குமே அறிவு வளரவில்லை. பிள்ளைகளின் மேல் ஒருவிதப் புழுங்கல் வாடை வீசுவதை அந்தத் தாய் கவனித்தார். இது ஏன், இது ஏன் என்று பார்த்த மருத்துவரையெல்லாம் கேட்டார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1934-இல் ஆஸ்லோ நகரில் ஆஸ்பியர்ன் ஃபாலிங் என்ற மருத்துவர் மட்டும் செவி சாய்த்தார்.

அவர் பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்னும் இரசாயனத்தை விட்டுப் பார்த்தார். சாதாரணமாக வராத கரும்பச்சை நிறம் தோன்றியது! மேலும் மேலும் சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்து, ஃபினைல்பைருவிக் அமிலம் என்ற பொருளே காரணம் என்று கண்டார். பின்பு அறிவு வளர்ச்சி குன்றியோர் 430 பேரைச் சோதித்தார். அவர்களில் 8 பேருக்கு அதே பச்சை நிறம் வந்தது. இந்நோய்க்குப் பிற்காலத்தில் ஃபினைல்கீட்டோனூரியா என்று பெயர் வந்தது. சுருக்கமாகப் பி.கே.யு. என்பர்.

எளிமையாகச் சொன்னால் இதுதான் விஷயம். நாம் சாப்பிடும் பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதத்தில் ஃபினைல்அலனின் என்றொரு சத்து உண்டு. அதை மாற்றிப் பயன்படுத்தும் வேலை கல்லீரலில் நடக்கிறது. பி.கே.யு. பிள்ளைகளுக்கு அந்த வேலை செய்யும் நொதி சரியாக இல்லை. ஆகவே அந்தச் சத்து இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுத்துவிடுகிறது. பிறக்கும்போது பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். தாய்ப்பால் குடிக்கக் குடிக்கத்தான் கேடு சேரும். அமுதே நஞ்சாவது என்பது இதுதான்!

இது பரம்பரையாக வருவது. ஒவ்வொரு குணத்துக்கும் நமக்கு இரண்டு மரபணுக்கள். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் முழு ஆரோக்கியத்தோடு இருப்பார்கள். தமக்குள் இது இருப்பதே தெரியாது. அப்படி இருவர் கணவன் மனைவியாக அமைந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே கணக்குதான்.

கவனியுங்கள்: இதில் தாயின் குற்றம் எங்கே? தகப்பனின் குற்றம் எங்கே? இருவரும் அறியாமல் ஆளுக்குப் பாதி கொடுத்ததுதான் அது. அம்மையார் பல்லாண்டுகளாகச் சுமந்த பழி, இல்லாத பழி! கரோலுக்கு இருந்தது பி.கே.யு.தான் என்பது, அவள் வளர்ந்து பெரியவளாகிப் பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது.

இன்னும் ஒரு தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில், பி.கே.யு. உள்ள பெண் குழந்தையின் தாய் ஒருவர், ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூட வாசலில் காலை தவறாமல் வந்து நின்றார். நோயைக் கண்டுபிடித்தீர்களே, மருந்து எங்கே என்று விடாமல் கேட்டார். அவர் தொல்லை தாங்காமல் யோசிக்கப் போய்த்தான், ஃபினைல்அலனின் நீக்கிய சிறப்பு உணவு உருவானது. 1953-இல் அதன் பலன் வெளியிடப்பட்டது. அந்தக் குழந்தைக்குக் கெட்டுப்போன மூளையை அது மீட்கவில்லை. ஆனால், பிறந்த சில நாட்களிலேயே அந்த உணவைத் தொடங்கினால் பிள்ளை மற்றவர்களைப் போலவே வளரும் என்பது பின்னர் உறுதியாயிற்று.

அப்படியானால் பிறந்த உடனே கண்டுபிடிக்கவேண்டுமே! அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற அறிஞர் அதற்கு வழி கண்டார். அவருக்கும் அறிவு வளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் இருந்தான். குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, சில துளி இரத்தத்தைத் தாளில் எடுத்துச் சோதிக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார். 1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அச்சோதனையைச் சட்டமாக்கியது. இன்று பல நாடுகளில் பி.கே.யு.வோடு பிறக்கும் பிள்ளைகள் பள்ளி செல்கிறார்கள், பட்டம் பெறுகிறார்கள். கரோலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவள் பிறந்தபோது நோய்க்குப் பெயர்கூட இல்லை.

மறைப்பு விலகியது

1950-ஆம் ஆண்டு, 58 வயதில், பேர்ல் அம்மையார் ஒரு முடிவெடுத்தார். கரோலின் கதையை முதலில் பெண்கள் பத்திரிகை ஒன்றிலும், பிறகு வளராத பிள்ளை என்ற பொருள்படும் சிறு நூலாகவும் எழுதி வெளியிட்டார். மருத்துவர் சொன்ன கசப்பான உண்மையையும், வியர்த்துப்போன அந்தச் சிறு கையையும், தம் அழுகையையும், அவமானத்தையும் ஒளிக்காமல் எழுதினார்.

அந்நாளில் இது சாதாரணக் காரியமன்று. பணக்காரர், படித்தவர் எல்லாருமே இத்தகைய பிள்ளைகளை மறைத்து வைத்திருந்த காலம் அது. நோபல் பரிசு பெற்ற ஒருவரே வெளியில் சொன்ன பிறகு, நமக்கென்ன வெட்கம் என்று பெற்றோர் பலர் தலைநிமிர்ந்தார்கள். அம்மையாருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு, 1949-இல், வெல்கம் ஹவுஸ் என்னும் தத்தெடுப்பு இல்லத்தையும் அவர் தொடங்கியிருந்தார். ஆசிய இரத்தம் கலந்த பிள்ளைகளை யாரும் தத்தெடுக்க மாட்டார்கள் என்று மற்ற இல்லங்கள் கைவிரித்த நாளில், யாரும் வேண்டாம் என்ற பிள்ளைகளுக்கு அவர் வீடு தேடிக் கொடுத்தார். தாமும் பல பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். ஒரு கரோல் அவர் மனத்தில் திறந்துவிட்ட கதவு அது.

1973-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள், தம் 80-ஆம் வயதில் பேர்ல் பக் அம்மையார் மறைந்தார். பென்சில்வேனியாவில் உள்ள அவருடைய பண்ணையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக் கல்லில் அவர் பெயர் சீன எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. நான் போன பிறகு என் பிள்ளை என்ன ஆவாள் என்று கலங்கிய தாயின் ஏற்பாடு வீண்போகவில்லை. கரோல் வைன்லண்டிலேயே பராமரிக்கப்பட்டு, 1992-இல் தன் 72-ஆம் வயதில் காலமானாள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பிள்ளைக்குப் புத்தி குறைவாக இருந்தால் கண்ணேறு என்போம். கிரகணத்தன்று வெளியில் போனாள் என்போம். மருமகள் ராசி என்போம். பழியெல்லாம் பெற்றவள் தலையில்தான். கரோலின் கதை அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கட்டும்.

அறிவு வளர்ச்சிக் குறைவுக்குக் காரணங்கள் பல. டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. 1959-இல் பாரிஸ் நகர அறிஞர்கள் இதை வெளியிட்டார்கள். தாயின் வயது கூடக்கூட இதன் வாய்ப்பும் கூடும். கருவுற்ற முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தால் குழந்தையின் கண், காது, இருதயம், மூளை பாதிக்கப்படலாம். கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகளை வைத்து 1941-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டார். தடுப்பூசி போட்டால் இதைத் தவிர்க்கலாம். கர்ப்பிணி பீர், சம்சு எதுவும் தொடக்கூடாது. மது கருவின் மூளையைக் கெடுக்கும். உணவில் அயோடின் உப்பு வேண்டும்.

நம்மவரிடையே மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், நெருங்கிய சொந்தத்தில் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுதல். குடும்பத்தில் இப்படிப் பிள்ளை பிறந்திருந்தால், கல்யாணம் பேசுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

நம் மலேசிய மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து, தைராய்டு சுரப்புக் குறைவுக்கும் ஜி6பிடி குறைபாட்டுக்கும் சோதிக்கிறார்கள். தைராய்டு குறைவை உடனே கண்டு மாத்திரை கொடுத்தால் மூளை காப்பாற்றப்படும். விட்டுவிட்டால் திரும்பாது. ஆகவே, சோதனைக்கு வரச்சொல்லிக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தால், வேலை நாள், சம்பளம் போகும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளை ஏற்கெனவே அப்படிப் பிறந்திருந்தால்? மறைக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. கார்டு எடுங்கள். சிறப்புக் கல்வி வகுப்புள்ள பள்ளியில் சேருங்கள். மாணவர்களே, அண்ணனோ தங்கையோ அப்படி இருந்தால் கையைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள். யாராவது சிரித்தால், சிரித்தவருக்குத்தான் அது வெட்கம்.

அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு வரும்போது, வீட்டில் விட்டுவிட்டு வந்த அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன் வரிசையில் உட்காரவையுங்கள். அவளும் கை தட்டட்டும்!